காற்றைக் கேட்டுப் போகும் பயணம்

ஸ்காட்லாந்து மலைகளில் பனிச்சறுக்கு மையங்கள் ஐந்தே ஐந்து. மேற்கே கிளென்கோ, நெவிஸ் ரேஞ்ச். கிழக்கே கேர்ன்கார்ம், கிளென்ஷீ, லெக்ட். எல்லாமே 1,300 மீட்டருக்குள் அடங்கும் மலைகள். ஆல்ப்ஸ் சிகரங்களின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் பனி விழுகிறது. அட்லான்டிக்கிலிருந்து அடுத்தடுத்துப் புயல்கள் வருகின்றன. ஒன்று பனியைக் கொட்டும், அடுத்தது மழையோடு வந்து அதைக் கரைத்துவிட்டுப் போகும். திங்கட்கிழமை பார்த்த பனி வியாழக்கிழமையும் இருக்குமா என்று கேட்டால் உள்ளூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள்.

அதனால்தான் மோட்டார்ஹோம் எடுத்தேன். ஓட்டலில் அறை போட்டால் அந்த ஊர் மலை தருவதுதான் நமக்கு. வீட்டையே ஓட்டிப் போனால், பனி இருக்கும் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகரின் கேரவனைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, அலமாரி அளவில் ஒரு கழிவறை, அவ்வளவுதான். இந்திய ஓட்டுநர் உரிமம் இருந்தால் பிரிட்டனில் ஓராண்டு வரை 3.5 டன்னுக்கு மேற்படாத வண்டியை ஓட்டலாம். அங்கும் சாலையில் இடப்பக்கம்தான்.

வண்டியை வாடகைக்குத் தந்த பெரியவரிடம் கட்டில் எவ்வளவு அகலம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பின்பக்கம் கூட்டிப்போய்க் காஸ் சிலிண்டரைக் காட்டினார். “சிவப்பு. புரொபேன். இதை முதலில் பாருங்கள்” என்றார். குளிர்நிலைக்கு பியூட்டேன் உதவாது. சுழியம் டிகிரியை ஒட்டியே அது ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டர் நிறைய காஸ் இருந்தும் ஹீட்டர் எரியாது. புரொபேனோ மைனஸ் 42 வரை தாங்கும். கிளென்ஷீக்குப் பக்கத்து ஊரான பிரேமாரில் 1895இலும் 1982இலும் மைனஸ் 27.2 பதிவாகியிருக்கிறது. பிரிட்டனின் மிகக் குறைந்த வெப்பநிலை அது. கழிவுநீர்த் தொட்டியின் குழாயைத் திறந்தே விட்டு, அடியில் ஒரு வாளி வைக்கச் சொன்னார். உறைந்தால் வாளியோடு போகட்டுமாம். கட்டிலின் அகலத்தை அவர் கடைசிவரை சொல்லவில்லை. படுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் கடைசியில் அங்கே பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை. மார்ச் இறுதியிலோ பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. மேலே பனியும் பெரும்பாலும் மிச்சமிருக்கும். எனவே மார்ச் என்று முடிவு செய்தேன். மாதத்தை முடிவு செய்யலாம், மலையைத்தான் முன்கூட்டி முடிவு செய்ய முடியாது. அதை முடிவு செய்வது காற்று. கேர்ன்கார்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. அதில் கால்பங்கு இருந்தாலே, சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிஃப்ட்டுகளை நிறுத்திவிடுவார்கள். முழங்கால் அளவு பனி கிடக்கும், மேலே போக வழியிருக்காது. அதே காற்றுதான் திறந்த சரிவிலிருந்து பனியை வாரிக்கொண்டு போய் ஓடைப் பள்ளங்களில் நிரப்புகிறது. சறுக்குப் பாதைகளின் ஓரத்தில் மரவேலி வரிசைகளைப் பார்த்ததும் மாட்டுக்காகப் போட்டது என்று நினைத்தேன். பறக்கும் பனியைப் பிடித்து நிறுத்தப் போட்ட வேலிகள் அவை! காற்றிடமிருந்தே பனியை மீட்கும் இந்த யோசனைக்காகவே அந்த மலைக்காரர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கிளென்ஷீ மையம் இருப்பது ஏ93 சாலையின் மேட்டிலேயே. சுமார் 670 மீட்டர். பிரிட்டனின் பிரதான சாலைகளில் இதுவே மிக உயரமானது. பனி அதிகமானால் சாலையின் குறுக்கே கேட்டை மூடிவிடுவார்கள். மூடிய கேட்டைச் சுற்றிப் போக நினைத்தால் நெடுந்தூரம் ஓட்ட வேண்டும். ஆகவே மாலைதோறும் எனக்கு மூன்று வேலை: மறுநாள் காற்றின் வேகம், மையங்களின் அறிவிப்பு, கேட்டின் நிலவரம்.

இரவில் எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் மலைவெளியில் நடக்கவும் கூடாரம் போடவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை இல்லை. கிளென்கோ மையத்தின் வண்டி நிறுத்தத்தில் கட்டணம் கட்டினால் மின் இணைப்போடு தங்கலாம்.

போகிறவர்கள் மார்ச்சில் போங்கள். லிஃப்ட் ஓடாத நாட்களுக்கும் சேர்த்தே விடுப்பு எடுங்கள். சிலிண்டரின் நிறத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.