மெழுகுத்திரி மேல் போட்ட பழி

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு பித்தளை ஒட்டினேன். பித்தளை கறுத்ததும் பழியை மெழுகுத்திரி மேல் போட்டேன். திரி ஏற்றிய மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன். இனி விவரம். தீர்ப்பு உங்களுடையது.

இத்தாலியின் சியெனா நகரில் பழைய மாதா படங்களைப் பார்த்து அப்படியே கையால் வரைந்து கொடுப்பது என் தொழில். தொழிலில் ஒளிவுமறைவு கிடையாது. அந்தப் பக்கத்துச் சிற்றூர்க் கோயில்கள் சிலவற்றின் 14ஆம் நூற்றாண்டுப் படங்கள், திருட்டுக்கும் ஈரத்துக்கும் பயந்து அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. காலியான பீடத்துக்கு ஒரு பிரதி வேண்டும். அதைப் பழைய முறையிலேயே செய்வோம். பாப்லர் மரப்பலகை. அதன் மேல் துணி. துணி மேல் ஜிப்சமும் தோல் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, பல அடுக்காக. வண்ணத்தைக் குழைக்க முட்டையின் மஞ்சள் கரு. முகத்துக்கு அடியில் பச்சை மண் பூசி, அதன் மேல்தான் தோல் நிறம் ஏற்றுவோம்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை தங்கம். தங்க ரேக்கு 8 சென்டிமீட்டர் சதுரம். பேச்சுக் காற்றுக்கே பறந்துவிடும். வெள்ளைப் பூச்சின் மேல் செங்களிமண் பூசி, அதை நனைத்து, அணில் மயிர்த் தூரிகையால் ரேக்கை எடுத்து வைக்க வேண்டும். ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏற வேண்டும். ஓரளவு காய்ந்ததும் அகேட் கல்லால் தேய்த்தால் மங்கல் போய் மினுக்கம் வரும். பிறகு சின்னச் சின்ன முத்திரைக் கருவிகளைத் தட்டி ஒளிவட்டத்தில் பூ வேலை செய்வோம். அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது.

அப்படி ஒரு சிற்றூர்க் கோயிலுக்குச் செய்த பிரதியின் ரசீதில் ‘முழுவதும் தங்கம்’ என்று நான்தான் எழுதினேன். பணம் ஊர்க்காரர்கள் சேர்த்துக் கொடுத்தது. மாதாவின் ஒளிவட்டத்துக்கும் குழந்தையின் ஒளிவட்டத்துக்கும் தங்கம் வைத்தேன். பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். பின்னணி முழுக்க, செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்கை ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்தேன்.

பணமுடை என்று சொன்னால் அது இன்னொரு பொய். சோம்பல் கொஞ்சம் இருந்தது. அதைவிட அகந்தை இருந்தது. என் கை பட்டால் பித்தளையும் தங்கம்தான் என்று நினைத்தேன். மலைமேல் இருக்கிற சின்ன ஊருக்கு வந்து யார் உரசிப் பார்க்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன்.

தெரியாமல் செய்யவில்லை. சென்னினோ சென்னினி 1400 வாக்கில் எழுதிய ஓவியக் கைநூலை மாணவர்களுக்குப் படித்துக் காட்டியவன் நான். வெள்ளியைக்கூடக் குறைத்துக்கொள், அது நிலைக்காது, கறுக்கும் என்கிறார் அவர். மாதாவின் உருவத்துக்கு நல்ல தங்கம் போடு, கூலி போதாவிட்டாலும் கடவுளும் மாதாவும் ஈடு செய்வார்கள் என்கிறார். சியெனாப் பேராலயத்துக்கு ‘மயெஸ்தா’ என்ற மாதா படத்தை வரைய 1308இல் ஒப்பந்தமான ஓவியர் துச்சோ, நற்செய்தி நூலைத் தொட்டு, வஞ்சனை இல்லாமல் செய்வேன் என்று சத்தியம் செய்தார். 1311இல் அந்தப் படத்தை ஊரே ஊர்வலமாகப் பேராலயத்துக்கு எடுத்துப்போனது. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வேன். போலி ரேக்கை ஒட்டிய நாட்களிலும் சொன்னேன்.

சில குளிர்காலங்கள் போயின. ரேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்களில் முதலில் பழுப்புக் கோடு விழுந்தது. பிறகு பச்சை படர்ந்தது. பங்குத்தந்தை கூப்பிட்டு அனுப்பினார். ஏணியில் ஏறினேன். ஒளிவட்டங்கள் வைத்த அன்று இருந்த மாதிரியே இருந்தன. அவற்றைச் சுற்றி, வார்னிஷ் படாமல் விட்டுப்போன இடமெல்லாம் கறுத்திருந்தது. ஒரு மூலையில் என் கட்டைவிரல் ரேகை கறுப்பாக எழுந்து நின்றது. யாருடைய குற்றம் என்பதற்குக் கையொப்பமே இருந்தது.

“என்ன காரணம்?” என்று கீழே இருந்து கேட்டார்.

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். எனக்குப் பயம் வந்தது. ரசீது வெளியே வரும், பெயர் போகும். ஏணியில் நின்றபடியே சொன்னேன்: “திரிப் புகை, ஃபாதர். பக்கத்தில் ஏற்றவிடாதீர்கள்.”

அவர் நம்பினார். தொழில் தெரிந்தவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்?

திரித் தட்டு போனது. காசு போட்டால் எரியும் மின்விளக்குப் பெட்டி வந்தது. பீடத்தைத் துடைத்து, திரி ஏற்றிவந்த மூதாட்டியை ஊரில் சிலர் முகத்துக்கு நேராகவே குறை சொன்னார்கள். அவர் கோயில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு பஸ் பிடித்து என் பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. “உங்கள் வேலையைக் கெடுத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்” என்றார்.

“பரவாயில்லை அம்மா. வயதானால் கவனம் தப்பும்” என்றேன்.

வாய் தவறி வந்த பேச்சு அல்ல அது. அவர் இனி யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். சொன்னபோது எனக்கே நான் பெருந்தன்மைக்காரனாகத் தெரிந்தேன். மேசை மேல் போலி ரேக்குக் கட்டு திறந்தே கிடந்தது. அவருக்கு அது என்னவென்று தெரியாது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2004இல் துச்சோவின் சிறிய மாதா படம் ஒன்றை வாங்கியது. அதன் சட்டத்தின் கீழ் விளிம்பு திரிச் சுடர் பட்டுக் கருகியிருக்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் திரி ஏற்றி வேண்டியிருக்கிறார்கள். மரம் கருகியது. பின்னணித் தங்கம் 700 ஆண்டுகளுக்குப் பிறகும் தங்கமாகவே இருக்கிறது. திரி மேல் நான் போட்ட பழிக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டாம். அந்த மறுப்பும் எனக்கு முன்பே தெரியும்.

கடைசியில் பங்குத்தந்தையிடம் சொன்னேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னால் அது அவரோடு நின்றுவிடும். அதனால் அவருடைய அலுவலகத்தில் சொன்னேன், பூசைக்குப் பிறகு ஊர்க்காரர்களிடமும் சொன்னேன். பணத்தைத் திருப்பினேன். பித்தளையைச் சுரண்டித் தங்கம் வைத்தேன். மூதாட்டியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்படியானால் நான் இல்லையா?” என்று மட்டும் கேட்டார். சாவியை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பிரதி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எது தங்கம், எது தங்கமில்லை என்று பலகையின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எவ்வளவு பெயர் பெற்ற கையாக இருந்தாலும் சொல்லுங்கள். என்னிடம் வாங்கினால் கட்டாயம் சொல்லுங்கள்.