ஒரகடத்தில் போர்டை எழுப்புகிறவர்கள்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் சந்திப்பைத் தாண்டி சிப்காட்டுக்குள் திரும்பினால் கண்ணில் படுவதெல்லாம் வாகனக் கம்பெனிகள். ரெனோ–நிசான் 2010-லும் டெய்ம்லரின் லாரி ஆலை 2012-லும் ராயல் என்ஃபீல்டு 2013-லும் இங்கே வந்து சேர்ந்தன. அந்தப் பெரிய வளாகங்களுக்குப் பின்னால், ஊர் அறியாத பெயர்களோடு, மின்னணு போர்டுகளுக்குப் பாகம் பொருத்தும் ஆலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத்தான் போனேன். மின்வாகன சார்ஜரின் உள்ளே உட்காரும் கட்டுப்பாட்டு போர்டு அங்கே தயாராகிறது. அதில் ஓடுவது லினக்ஸ். அந்த போர்டில் லினக்ஸை ஓட வைக்கும் பி.எஸ்.பி.யை, அதாவது போர்டு சப்போர்ட் பேக்கேஜை, எழுதும் இருவர் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஒருவர் திண்டிவனத்துக்காரர், பத்தாண்டு அனுபவம் உள்ளவர். இன்னொருவர் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் இளம்பெண்.

வாசலிலேயே நீலக் கோட்டு, காலில் ஹீல் ஸ்ட்ராப், மணிக்கட்டில் ரிஸ்ட் ஸ்ட்ராப். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ஒரு சிப்பைக் கொல்லப் போதும். உள்ளே நீளமான எஸ்.எம்.டி. லைன். ஸ்டென்சில் வழியாக சால்டர் பேஸ்ட் பூசப்பட்ட போர்டு, மெஷின் வைக்கும் பாகங்களைச் சுமந்துகொண்டு ரீஃப்ளோ ஓவனுக்குள் போகிறது. ஈயமில்லாத சால்டர் 217 டிகிரியில் உருகத் தொடங்கும். ஓவன் அதையும் தாண்டிச் சூடேற்றி போர்டை வெளியே விடுகிறது. லைனுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இவர்களுடைய அறை.

மேஜையில் புதுப் பதிப்பு போர்டு ஒன்று காத்திருந்தது. திண்டிவனத்துக்காரர் உடனே சுவிட்சைப் போடவில்லை. மல்டிமீட்டரை எடுத்து, ஒவ்வொரு மின்தடமும் தரையோடு ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு மின்சாரம் கொடுத்து 5 வோல்ட், 3.3 வோல்ட், 1.8 வோல்ட் என்று வரிசையாக அளந்தார். பிராசஸர் மேல் விரலை வைத்துச் சூட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மூன்று ஒயர் சீரியல் கேபிளை மாட்டினார். 1,15,200 பாட் வேகத்தில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

அந்தச் சில நொடிகளில் நடப்பது பெரிய வேலை. மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் பதிந்திருக்கும் பூட் ரோம் விழிக்கிறது. வெளியே இருக்கும் டி.டி.ஆர். மெமரி இன்னும் தயாராகாததால், சிப்புக்குள்ளேயே இருக்கும் சில நூறு கிலோபைட்டில் அடங்கும் ஒரு சின்ன நிரலை அது முதலில் ஏற்றுகிறது. அந்த நிரல் மெமரியின் நேரக்கணக்கைச் சரிசெய்து, யு-பூட்டை அழைக்கிறது. யு-பூட், ஜெர்மனியின் வொல்ஃப்காங் டெங்க் தொடங்கிய திட்டம். அவர் 2022-ல் மறைந்துவிட்டார். உலகெங்கும் எத்தனையோ கருவிகளில் முதலில் பேசுவது அவர் தொடங்கிய அந்த நிரல்தான். யு-பூட், லினக்ஸின் மையமான கெர்னலையும் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பையும் மெமரியில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது.

இந்த டிவைஸ் ட்ரீதான் இவர்களுடைய அன்றாட வேலை. யு.எஸ்.பி.யில் செருகும் கருவி, தான் யார் என்று தானே சொல்லிவிடும். போர்டில் ஒட்டப்பட்ட வெப்ப சென்சார் அப்படிச் சொல்லாது. எந்த முகவரியில் எந்த சென்சார் இருக்கிறது, ரிலேயை இயக்கும் பின் எது, எந்த மின்வழங்கி எதற்கு முன்பு எழ வேண்டும் என்பதையெல்லாம் ஸ்கெமாட்டிக்கைப் பக்கம் பக்கமாகப் படித்து ஒருவர் எழுதித் தர வேண்டும். ஒரு காலத்தில் ஆர்ம் சிப் போர்டுகளுக்கு இந்த விவரங்களைக் கெர்னலுக்குள்ளேயே சி மொழியில் குவித்துவைத்தார்கள். 2011-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் குவியலைக் கண்டு கடுமையாகச் சலித்துக்கொண்டார். பவர்பிசி உலகில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த டிவைஸ் ட்ரீ முறை அதற்குப் பிறகு ஆர்முக்கும் வேகமாக வந்தது. இதையெல்லாம் ஒன்றுசேர்த்து, நிறுவத் தயாரான ஒரே பிம்பமாக்க யோக்டோ என்ற கருவித்தொகுப்பு இருக்கிறது. கம்பெனியின் சொந்த லேயரில் ரெசிபிகளை எழுதி வைத்து அதன் பிட்பேக் நிரலை ஓட்டினால், முதல் பில்டு முடிய மணிக்கணக்கில் ஆகும்.

நான் அங்கே இருந்தபோதே லைனிலிருந்து அழைப்பு வந்தது. டெஸ்ட் ஸ்டேஷனில் போர்டுகள் ஃபெயில் ஆகின்றன.

அங்கே நின்றிருந்தவர் செய்யாறு பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஆப்பரேட்டர். ஃபிக்சரில் போர்டை வைத்து மூடியை அழுத்தினால் ஊசிகள் தொட்டுச் சோதிக்கும். திரையில் பச்சை அல்லது சிவப்பு வரும். அவருடைய வேலை அவ்வளவுதான் என்று கம்பெனியின் வேலைக்குறிப்பு சொல்லும். அவர் அதற்கு மேலும் பார்த்திருந்தார்.

"லிங்க் லைட் எரியுது மேடம், ஆனா பிங் போக மாட்டேங்குது. காலையில ரீல் மாத்துனாங்கல்ல, அதுக்கப்புறம் வந்த போர்டுலதான் இப்படி. முன்னாடி வந்ததெல்லாம் பாஸ்."

யாரும் கேட்காமலேயே, பாகங்கள் சுற்றி வரும் ரீலை மாற்றியதற்கு முன், பின் என்று போர்டுகளை இரண்டு ட்ரேயில் பிரித்து வைத்திருந்தார். காஞ்சிபுரத்துப் பெண் இரண்டு ட்ரேயிலிருந்தும் ஒவ்வொரு போர்டை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். ஈதர்நெட் சிப்பின் மேல் அச்சிட்டிருந்த எழுத்துகள் வேறு. வழக்கமான சிப் கிடைக்காததால், அதே கால் அமைப்புள்ள வேறு கம்பெனி சிப்பைக் கொள்முதல் பிரிவு அனுமதித்திருக்கிறது. தகவல் இவர்களுக்கு வந்து சேரவில்லை.

பிழையின் வேர் இரண்டு நானோ நொடியில் இருந்தது. பிராசஸருக்கும் ஈதர்நெட் சிப்புக்கும் நடுவே ஓடும் ஆர்ஜிஎம்ஐஐ இணைப்பில், கிகாபிட் வேகத்தில் கடிகாரம் நொடிக்கு 12.5 கோடி முறை துடிக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் தரவு மாறுவதால் ஒவ்வொரு தரவுக்கும் கிடைப்பது 4 நானோ நொடி. கடிகாரத்தைச் சுமார் 2 நானோ நொடி தாமதப்படுத்தினால்தான் அந்த இடைவெளியின் நடுவில் தரவைச் சரியாகப் படிக்க முடியும். பழைய சிப் அந்தத் தாமதத்தைத் தானாகவே சேர்த்துக்கொண்டிருந்தது. புதிய சிப்பின் டிரைவர், டிவைஸ் ட்ரீ சொல்வதை அப்படியே கேட்கும். அதில் தாமதம் வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. கேபிளின் மறுமுனையோடு கைகோப்பது வேறு பாதை என்பதால் லைட் எரிந்தது. பிங் அனுப்பும் பாக்கெட்டுகள் மட்டும் சிதைந்துபோயின.

டிவைஸ் ட்ரீயில் ஆர்ஜிஎம்ஐஐ என்று இருந்த இடத்தில், தாமதத்தைக் கேட்கும் ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி என்று காஞ்சிபுரத்துப் பெண் திருத்தினார். பழைய சிப்பிலும் அது சரியாக ஓடுகிறதா என்று இன்னொரு ட்ரே போர்டிலும் பார்த்தார். இரண்டிலும் பிங் போனது.

திருத்தத்தைச் சேமிக்கும்போது அதன் குறிப்பில் "ரிப்போர்ட்டட்-பை" என்று ஒரு வரி சேர்த்து, அந்த ஆப்பரேட்டரின் பெயரை எழுதினார். பிழையைக் கண்டுபிடித்தவருக்கு இப்படிப் பெயர் தருவது லினக்ஸ் கெர்னல் சமூகத்தின் நீண்டநாள் வழக்கம். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் பெயர் மென்பொருளின் வரலாற்றில் ஏறுவதை நான் பார்த்தது அங்கேதான். இது எல்லா ஆலையிலும் விதியாக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அந்தக் கண் இல்லாவிட்டால், மென்பொருளில் தேடுவதா வன்பொருளில் தேடுவதா என்பதிலேயே ஒரு நாள் போயிருக்கும்.

இந்தத் தொழில் இந்த மண்ணிலேயே நடக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணத்தை திண்டிவனத்துக்காரர் சொன்னார். சார்ஜர் பெட்டி கத்திரி வெயிலில் ரோட்டோரம் நிற்கிறது. உள்ளே சிப்பின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் டி.டி.ஆர். மெமரியை இரண்டு மடங்கு அடிக்கடி ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும். குளிரூட்டிய அறையில் ஒழுங்காக ஓடும் பி.எஸ்.பி. வெளியில் விழுந்துவிடலாம். அதனால் வெப்பப் பெட்டிக்குள் போர்டை வைத்து விடிய விடிய மெமரி டெஸ்ட் ஓட்டுகிறார்கள்.

பல கம்பெனிகள் இப்படிச் செய்வதில்லை. சிப் தயாரிப்பாளர் கொடுக்கும் பி.எஸ்.பி.யை அப்படியே ஏற்றி அனுப்பிவிடுகின்றன. அதிலிருக்கும் கெர்னல் பழசாகிப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனால், மேலே கொண்டுபோக ஆள் இருப்பதில்லை. நீண்டகால ஆதரவுக் கெர்னலுக்கான காலத்தை ஆறு ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைப்பதாக லினக்ஸ் கெர்னல் தரப்பில் 2023-ல் அறிவித்தார்கள். சார்ஜரோ பத்தாண்டு நிற்க வேண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் கட்டாயம். பிறகு அங்கே விற்கும் பொருளின் பாதுகாப்புப் பிழைகளைத் தயாரிப்பாளரே திருத்தித் தர வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான கைகள் அங்கே போன்களைப் பொருத்தின. அந்த போன்களின் மென்பொருள் அங்கே எழுதப்படவில்லை. பொருத்தும் திறமை மட்டும் இருக்கும் இடத்தை விட்டு முதலாளி போவது சுலபம். மறுபக்கம், சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸர் 2018-லேயே லினக்ஸை பூட் செய்து காட்டியது. அதே சக்தி வரிசையில் இஸ்ரோவுக்காக உருவான ஐரிஸ் சிப், 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அது சண்டிகர் அருகே வார்க்கப்பட்டு, குஜராத்தில் செய்த போர்டில், சென்னையில் பொருத்தப்பட்டு ஐஐடியில் பூட் ஆனது. நம் சிப்புகள் பெருகப் பெருக, அவற்றுக்கு பி.எஸ்.பி. எழுத நம்மவர்கள்தான் வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் குறைவு. கல்லூரியில் டிவைஸ் ட்ரீ என்ற சொல்லையே கேட்டதில்லை என்றார் காஞ்சிபுரத்துப் பெண். எல்லாம் வேலைக்கு வந்து கற்றது. பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்து பொறியியல் கல்லூரிகளின் துறைத் தலைவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பீகிள்போன் பிளாக் போன்ற போர்டின் ஸ்கெமாட்டிக் யாரும் எடுத்துப் படிக்கும்படி வெளியாகியிருக்கிறது. யு-பூட், கெர்னல், யோக்டோ எல்லாம் இலவசம். சீரியல் கேபிளுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு போர்டைத் தன் கையால் எழுப்பி, ஒரு சென்சாரை டிவைஸ் ட்ரீயில் சேர்த்துக் காட்ட வைத்துவிடுங்கள். பிறகு அவர்களை ஒரகடத்துக்கு அழைத்துவந்து, ஒரு ஷிப்ட் முழுக்க டெஸ்ட் ஸ்டேஷனில் ஆப்பரேட்டர் பக்கத்தில் நிற்க வையுங்கள்.