பதினெட்டு முழத்தில் ஒரு பிரயாணம்

ஜப்பான் தேசத்தில் கவாகோயே என்று ஒரு பழைய ஊர் உண்டு. டோக்கியோவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். 1893-ஆம் வருஷத்துப் பெருந்தீக்குப் பின் எழுப்பிய தடித்த மண்சுவர்க் கடைகள் அங்கே இன்றும் நிற்கின்றன. வருகிறவர்கள் கிமோனோவை வாடகைக்கு வாங்கி உடுத்திக்கொண்டு தெருத்தெருவாய் உலாவுகிறார்களாம். இதைக் கேள்விப்பட்டதும் எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடையாற்றிலிருந்து மயிலாப்பூருக்கு நாங்களும் அப்படி ஒரு நாள் போய்வந்தால் என்ன?

வேஷ்டிக்கும் பதினெட்டு முழப் புடவைக்கும் வாடகை கொடுக்க வேண்டியதில்லை, பெட்டியிலேயே இருந்தன. உடுத்தத்தான் தெரியவில்லை! எண்பது பிராயம் கடந்த பாட்டி கட்டிலில் உட்கார்ந்தபடியே, "கொசுவத்தை இப்படிப் பிடி, கச்சத்தை அப்படிச் செருகு" என்று உத்தரவிட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. வேஷ்டியின் மானத்தையோ உள்ளே மறைந்திருந்த தோல் பெல்ட் காப்பாற்றியது.

கஸ்தூரிபா நகரில் ரயிலேறித் திருமயிலையில் இறங்கினோம். 1516-ஆம் வருஷத்தைக் கல்லில் தாங்கி நிற்கும் பிரகாச மாதா கோவிலைப் பார்த்துவிட்டு, கபாலீசுவரர் கோவில் குளக்கரைக்கு வந்தோம். ஊரே எங்களை வேடிக்கை பார்க்கும் என்று எண்ணியிருந்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாட வீதியில் பூ விற்ற அம்மாள் மட்டும், "வீட்டிலே கல்யாணமா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"பின்னே?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. எங்கள் உடையை உடுத்துவதற்கு எங்களுக்கே ஒரு காரணம் வேண்டியிருக்கிறதல்லவா?

2014-ஆம் வருஷம் இதே சென்னையில், வேஷ்டி உடுத்திச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு மன்றத்தின் உள்ளே விட மறுத்தார்கள். அவ்வருஷமே அத்தகைய தடைகளை நீக்கச் சட்டசபை சட்டம் இயற்றிற்று. நல்லதுதான். சட்டம் வாசற்கதவைத் திறந்துவிடும். கொசுவம் பிடிக்கக் கற்றுக்கொடுக்குமா?

மாலையில் வீடு திரும்பியபோது பாட்டி விழித்துக்கொண்டிருந்தாள். "அங்கே இன்னும் யாராவது இப்படிக் கட்டுகிறார்களா?" என்றாள். கோவில் வாசலில் இருவரைக் கண்டதாகச் சொன்னோம். இரண்டு பேருமே பாட்டியின் வயதுக்காரர்கள் என்பதைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் கட்டிலருகே எங்கள் பெண்ணை நிறுத்தப் போகிறோம். விசேஷம் ஒன்றும் இல்லை. பாட்டி இருக்கிறாள், அது போதும்.