சத்தம் மட்டும்

1996 மார்ச் 17. லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். டிக்கோயாவில் எங்கள் கடைக்குப் பின்னாலிருந்த லயத்தில் ஒரேயொரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி. மின்சாரம் கிடையாது. கார் பெட்டரியை ஹட்டனுக்குத் தூக்கிச்சென்று சார்ஜ் ஏற்றி வந்திருந்தார்கள். மூங்கில் கம்பத்தில் கட்டிய அன்டனாவைத் திருப்பிப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. கையை விட்டால் படம் போய்விடும். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் எடுத்த 107 ஓட்டங்களை நான் பார்க்கவில்லை. குளிரில் நின்று கேட்டேன்.

இது ஞாபகத்துக்கு வரக் காரணம் டிஜிட்டல் பற்றிய பேச்சு. ஜப்பான் 2011இல் பெரும்பாலான பகுதிகளிலும், பூமியதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட மூன்று மாவட்டங்களில் 2012இலும் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. அந்நாட்டு முறையைக் கைக்கொள்ள இலங்கை 2014இல் கடனுதவி ஒப்பந்தம் செய்தது. வேலை இழுபட்டது. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது ஜப்பானியக் கடன்களும் நின்றன. 2024 ஜூலையில்தான் மீண்டும் திறந்தன.

வகுப்பில் இதை உற்சாகமாகவே விளக்கினேன். ஓர் அலைவரிசையில் பல சேவைகள் வரும், படம் துல்லியமாக இருக்கும், பழைய பெட்டியை வீசவேண்டாம், மாற்றிப்பெட்டி ஒன்றைப் பொருத்தினால் போதும் என்றேன். மாணவி ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் வழியில் அவளது பாட்டி மறித்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்.

"சேர், இப்ப காத்தடிச்சா நம்ம பெட்டியில புள்ளி புள்ளியா விழுது. ஆனா சத்தம் கேக்குது. புதுசுல அப்பிடிக் கேக்குமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது, கரண்டு போவதற்கு முன் மண்சரிவு எச்சரிக்கையை அவர் கேட்டது அந்த இரைச்சலுக்குள்தான்.

"கேக்காது பாட்டி" என்றேன்.

உண்மை அதுதான். அனலாக் சமிக்ஞை தேயத் தேயப் படம் மங்கும், இரைச்சல் கூடும். ஆனாலும் ஏதோ மிஞ்சும். டிஜிட்டலில் ஓர் அளவு வரை எல்லாம் துல்லியம். அதற்குக் கீழே போனால் படம் உறைந்து, சத்தமும் அறுந்துவிடும். மலை மறைக்கும் பள்ளத்து லயங்களுக்கு இது சின்ன விசயமல்ல.

அதற்காகப் புதியது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜப்பானிய முறையில் அனர்த்த எச்சரிக்கைக்கென்றே ஒரு வசதி உண்டு. அதற்கேற்ற பெட்டி காத்திருப்பு நிலையில் இருந்தாலும் தானே விழித்து ஒலிக்கும். எங்கள் சரிவுகளுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் சமிக்ஞை பள்ளத்துக்குள் இறங்கி வரவேண்டும். பழையதை அணைப்பதற்கு முன், ஒவ்வொரு பள்ளத்திலும் புதியது எட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். நாட்சம்பளக் குடும்பத்துக்கு மாற்றிப்பெட்டி வாங்கும் விலையில் கிடைக்கவேண்டும். ஆயத்தம் என்பது இதுதான்.

எங்களால் ஆனதைத் தொடங்கியிருக்கிறோம். மாணவர்கள் வீடு வீடாகப் போய்ப் படம் எப்படித் தெரிகிறது என்று ஒரு கொப்பியில் குறிக்கிறார்கள். என்றாவது கேட்க வருபவர்களிடம் கொடுக்கலாம். பாட்டியின் வீட்டுக்கு நேரே பேத்தி எழுதியிருக்கிறாள்: "சத்தம் மட்டும்."