திரை கறுத்தபோது



உங்கள் வீட்டில் பிள்ளைகள் படிக்கும் கொம்பியூட்டர் எந்த மூலையில் இருக்கிறது? இதை வாசித்து முடித்ததும் ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள். நான் அப்படிப் பாராமல் இருந்ததால் என் மகனுக்கு ஓர் அநியாயம் செய்துவிட்டேன்.

அவன் உயர்தரம் படிக்கிறான். கச்சான் காற்று அனலாக வீசிய காலம் அது. அஸர் தொழுதுவிட்டு அவனுக்குத் தேநீர் கொண்டு போவேன். இரண்டு மூன்று நாட்களாக, நான் அறை வாசலில் கால் வைக்கவும் திரை கறுத்துப் போகவும் சரியாக இருந்தது. வாலிபப் பிள்ளை, உம்மாவைக் கண்டதும் அணைக்கிறான் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதையே நினைத்தேன்.

“இல்ல உம்மா, நான் நிப்பாட்டல்ல. அதுவாத்தான் நிக்குது” என்றான். நான் நம்பவில்லை. பெருநாள் காசில் இரண்டு விசிறிகள் வாங்கி அதன் முன்பக்கத்தில் பூட்டினான். அப்போதும் அது நின்றது. “காசும் வீண், பொய்யும் வேறு” என்று ஏசினேன். இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த நேரம் ராத்தாவின் மகன் லீவில் வந்திருந்தான். கொம்பியூட்டர் திருத்துவதுதான் அவனுடைய தொழில். அறைக்குள் வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “சாச்சி, இத ஆரு அலுமாரிக்குள்ள வெச்ச?”

வைத்தது நான்தான். தூசு படக்கூடாதென்று மேசையின் கீழ்த் தட்டில், கதவுள்ள பகுதிக்குள் தள்ளி வைத்து, என் கையால் தைத்த துணி உறையையும் போட்டிருந்தேன்.

அவன் அதை வெளியே எடுத்து இயக்கிவிட்டு, ஒரு டிஷுத் துண்டை விசிறிகளின் முன்னே பிடித்தான். பின்பக்க விசிறியில் துண்டு வெளியே பறந்தது. முன்பக்க விசிறிகள் இரண்டிலும் அப்படியே. “மூணும் வெளியே தள்ளினா, உள்ளுக்குக் காத்துக் கொண்டு வாறது ஆரு?” என்று சிரித்தான். மகன் விசிறிகளைத் திருப்பிப் பூட்டியிருந்தான். வெளியே போன சூடும் எங்கும் போக வழியின்றி அந்தத் தட்டுக்குள்ளேயே சுற்றி, மறுபடியும் பெட்டிக்குள் நுழைந்திருக்கிறது.

நம் குசினியை நினைத்துப் பாருங்கள். புகைக்கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு அடுப்பு மூட்டினால் கண் எரியும். ஒரு பக்கத்தால் காற்று வந்தால்தான் மறுபக்கத்தால் புகை போகும். கொம்பியூட்டருக்கும் அதே சட்டம்தான். முன்பக்கத்தால் அறைக் காற்று உள்ளே வரவேண்டும். பின்பக்கத்தாலும் மேற்பக்கத்தாலும் சூடு வெளியேற வேண்டும். சாதாரண விசிறியில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கால்கள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ, அந்தப் பக்கமாகவே காற்று வெளிவரும். உள்ளே வரும் காற்று சற்று அதிகமாக இருப்பது நல்லது. அப்போது காற்று வலைத்தடுப்பு வழியாக வருமே தவிர, இடுக்குகளால் தூசை இழுக்காது.

“தண்ணீரால் குளிராக்கும் ரேடியேட்டர் ஒன்று வாங்கிப் பூட்டினால் என்ன?” என்று கேட்டேன். தேவையில்லை என்றான். வாகனத்தில் இருப்பது போலவே, அதிலும் தண்ணீர் சூட்டைச் சுமந்து வரும். கடைசியில் அதை வாங்கிக்கொள்ள வேண்டியது காற்றுத்தான். அலுமாரிக்குள் அடைத்தால் அதுவும் வீண். ரேடியேட்டர் வைப்பவர்கள் மேற்பக்கத்திலோ முன்பக்கத்திலோ பூட்டலாம். ஆனால் அதன் மேல்முனை தண்ணீர்ப் பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் மேலே ஏறும். பம்பு உச்சியில் இருந்தால் குமிழிகள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

விசிறி குளிரைத் தருவதில்லை, அறையின் காற்றைத்தான் மாற்றித் தருகிறது. கொம்பியூட்டரின் மூளையான செயலி, 95 முதல் 100 பாகை செல்சியஸை அண்மித்தால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். காலையிலிருந்து வேலை செய்து, அனல் கூடிய அஸர் நேரத்தில் அது நின்றிருக்கிறது. அதுதான் நான் தேநீர் கொண்டு போகும் நேரம்!

முன்விசிறிகள் இரண்டையும் திருப்பிப் பூட்டினோம். பெட்டியை மேசைக்கு மேலே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். செலவு ஒரு சதமும் இல்லை. மாதம் ஒரு தடவை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசு தட்டுகிறேன். அல்ஹம்துலில்லாஹ், அதன் பிறகு அது நிற்கவில்லை. துணி உறை இப்போது அணைத்து வைத்த நேரத்துக்கு மட்டும்தான்.

அன்றிரவு மகனின் அறைக்குப் போய், “உம்மா பிழையா நெனச்சிட்டன் மகன், மன்னிச்சிக்கோ” என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “விசிறியத் திருப்பிப் பூட்டினது நான்தானே உம்மா” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகமான சந்தேகத்தைத் தவிர்க்கும்படி சூரா அல்-ஹுஜுராத் எமக்குச் சொல்கிறது. எத்தனை தடவை ஓதியிருப்பேன்! பிள்ளை சொன்ன சொல்லுக்கு என் மனதில் ஒரு வாசல் திறந்திருக்கவில்லை.

சகோதரிகளே, ஒரு டிஷுத் துண்டை எடுத்துக்கொண்டு இப்போதே போய்ப் பாருங்கள். போகும்போது பிள்ளையையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள்.