பார் வைத்த சைக்கிள்

"பையனுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றேன். உடனே கடையின் வேறொரு மூலைக்கு அழைத்துப் போனார். முன்னால் கூடை மாட்டிய, நடுக்கம்பி வளைந்து இறங்கிய சைக்கிள்கள் அங்கே நின்றன. "லேடீஸ் எல்லாம் இதுதான் எடுப்பாங்க."

நான் கேட்டது கிராவல் சைக்கிள். எங்கள் பக்கம் கிராவல் என்றால் லாரியில் வந்து இறங்கும் மண். திருக்கடையூரில் பிறந்தவளுக்கு அது வெளியூர்ச் சரக்கு. காவிரி கொண்டுவந்து கொட்டிய களியும் வண்டலும்தான் எங்கள் நிலம். கிராவல் போட்ட வாய்க்கால் கரைகளிலும் ஜல்லி பெயர்ந்த ரோடுகளிலும் ஓட்டுவதற்கென்றே, வளைந்த ஹேண்டில்பாரும் அகல டயருமாக ஒரு வகை சைக்கிள் இப்போது கிடைக்கிறது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006-இல் தொடங்கிய ஒரு போட்டிக்கு இன்று அன்பவுண்ட் கிராவல் என்று பெயர். 200 மைல் மண் ரோடு. 2023-இல் மழைக் களி சக்கரங்களில் அப்பிக்கொள்ள, அங்கே ஆட்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஐப்பசியில் எங்கள் வரப்பில் நடந்தவர்களுக்கு அந்தக் களியைத் தெரியும். டயர் எத்தனை அகலம் என்று மட்டும் பார்த்தால் போதாது, டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் களி விழுந்து வெளியேற இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதை அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

1992-இல் எனக்குப் பதின்மூன்று வயது. அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டிருந்த நான் வயதுக்கு வந்ததும் அம்மா அதை நிறுத்தினாள். "பொம்பளப் புள்ள காலை அகட்டிக்கிட்டுத் தெருவுல போவியா?" பிறகு அகப்பாடல்களில் அலர் என்ற சொல்லைப் படித்தபோது அதற்குப் பொருள் பார்க்க எந்த உரையும் எனக்குத் தேவைப்படவில்லை.

அதே காலத்தில்தான் புதுக்கோட்டையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகினார்கள். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் வயல்வேலைக்குப் போன பெண்களும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கியதையும், அதன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அது வசதியாகவே இருந்ததையும் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் சித்தி அவர்களில் ஒருத்தி. பாரில் துண்டைச் சுற்றித் தம்பியை உட்கார வைத்து, பின்னால் குடத்தைக் கட்டிக்கொண்டு போவாள். அம்மாவிடம் சொன்னேன். "அவ ஊரு வேற" என்றாள்.

லேடீஸ் சைக்கிளின் கம்பி கீழே இறங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்களின் நீளப் பாவாடைக்காக. நம் புடவைக்கும் அது பொருந்திப் போயிற்று. அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அரசு கொடுத்த அந்த மாதிரி சைக்கிளில் பிளஸ் டூ முடித்துத்தான் என் மாணவிகள் பலர் கல்லூரி வரை வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் அது உடுப்பை அளந்து செய்த வண்டி. என் உடம்பை யார் அளப்பது?

நானே அளந்தேன். செருப்பில்லாமல் சுவரோடு நின்று, தடித்த புத்தகம் ஒன்றைத் தொடை நடுவே இறுக்கமாக ஏற்றிப் பிடித்து, அதன் மேல்விளிம்பு சுவரில் தொடும் இடத்தைக் குறிக்க வேண்டும். நான் எடுத்தது தமிழ் லெக்சிகனில் ஒரு தொகுதி. முனைவர் பட்டத்துக்குப் பிறகு அது எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான். 71 சென்டிமீட்டர். பாருக்கு இருபுறமும் காலூன்றி நிற்கும்போது இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும் என்பது கணக்கு. சீட்டுக்கு இன்னோர் அளவு உண்டு. அட்டைப்பெட்டியின் அட்டை மேல் உட்கார்ந்து எழுந்தால் இடுப்பெலும்பு இரண்டும் பள்ளம் விழுத்தும். அந்தப் பள்ளங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்து சீட்டின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும். வண்டியோடு வந்த சீட்டில் நாற்பது கிலோமீட்டரில் எனக்கு மரத்துப்போயிற்று. எங்கே மரத்தது என்று மெக்கானிக்கிடம் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பில் பெண்ணுடலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவள் நான். இரண்டு வாரம் வலியோடு ஓட்டிவிட்டுத்தான் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் நினைக்காமல் சீட்டை மாற்றிக் கொடுத்தார்.

எங்கள் பக்கம் கிராவல் போட்டி எதுவும் இல்லை. பிரவே உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதலிடம், பரிசு ஒன்றும் கிடையாது. வழியில் கண்ட்ரோல் பாயிண்டுகளில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். சிதம்பரத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் பிரவே ஒன்றில் பெயர் கொடுத்தேன். நாற்பது பேரில் பெண்கள் மூவர். ரோடு அகலப்படுத்தக் கொட்டியிருந்த ஜல்லியில் மெல்லிய டயர்க்காரர்கள் இறங்கி உருட்டினார்கள். நான் இறங்கவில்லை. (இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஆண்கள் கருவேல மரத்தடியில் ஒதுங்கிவிட்டு ஒரு நிமிடத்தில் வந்தார்கள். நாங்கள் கேட்ட இரண்டு பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை பூட்டியிருந்தது. கண்ட்ரோல் பாயிண்ட் என்பது ஒரு டீக்கடை. விடியற்காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட நாளிலேயே பழகிய தந்திரம். வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேரும்போது தலை இடித்தது, திரும்பும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கார்கள் வழியை அடைத்து நின்றன. அவற்றுக்கு நடுவே, தூக்குவாளியில் நீராகாரத்தோடு அம்மா நின்றிருந்தாள். எழுபத்திரண்டு வயது. எத்தனை நேரமாக நின்றாளோ. வாளியை நீட்டவில்லை.

"காலைலேருந்து எங்கடி ஒண்ணுக்குப் போன?"

"போகலம்மா."

"வண்டிய நான் புடிச்சுக்கறேன். வீட்டுக்குப் போயிட்டு வா."

திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மாட்டைப் பிடித்ததுபோல் நின்றாள். பாரைப் பார்த்துவிட்டு, "இறங்கறப்ப இடிக்காதா இது?" என்றாள். அளந்துதான் வாங்கினேன் என்றேன். வாளியை வாங்கி மூச்சுவிடாமல் குடித்தேன். கண்ட்ரோல் பாயிண்டுக்கு வெளியே வேறு யாருடைய உதவியும் வாங்கக் கூடாது என்பது பிரவே விதி. அதை நடத்தியவர்கள் இதைப் படித்தால் என் அட்டையை ரத்து செய்துகொள்ளட்டும். சிதம்பரத்துக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருந்தது.