பூஞ்சணம் அழுக்கில்லை, தண்ணி

வன்னியில கராச் எண்டால் கார் நிற்கிற இடம் எண்டு நினைச்சிடக்கூடாது. எங்கள் வளவுகளில் கார் வைத்திருப்பவர்கள் குறைவு. வீட்டுச் சுவரோடு சாய்த்து இறக்கின ஒரு தகரப் பத்தி, இரண்டு மூன்று பக்கம் புளொக் கல்லு, முன்னுக்கு ஒரு படங்கு அல்லது தகரக் கதவு. அதுதான் கராச். அதற்குள் மோட்டார் சைக்கிள் நிற்கும். லாண்ட்மாஸ்ரர் இருந்தால் அதுவும் நிற்கும். மருந்தடிக்கிற ராங்கி, தண்ணி இறைக்கிற மெசின், உரப்பை, அறுவடை முடிஞ்சால் நெல்மூட்டை, கால் உடைஞ்ச கட்டில், தம்பியின் பழைய கொப்பிகள் எல்லாம் அங்கேதான். வீட்டுக்குள் இடமில்லாத சாமான், ஆனால் எறியவும் மனமில்லாத சாமான், எல்லாவற்றுக்கும் கடைசி முகவரி கராச்.

இதற்கு ஒரு காரணம் இருக்கு. போருக்குப் பிறகு வன்னியில் எழும்பின வீட்டுத்திட்ட வீடுகள் சின்னன். இந்திய வீட்டுத்திட்டத்தை எடுத்தால், ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, ஏறத்தாழ 550 சதுர அடி வீடு, ஆட்களே நின்று கட்டினது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. கராச் பிறகு வந்தது. மிஞ்சின கல்லு, கடன்பட்ட காசு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருந்த ஒரு மேசன். வரைபடம் போட்டுக் கட்டாத ஒரே அறை அதுதான். அத்திவாரத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் ஒரு தார்ப்பூச்சு, நிலத்துக்குக் கீழே ஒரு பொலித்தீன், மேலே காற்றுப் போக ஒரு துவாரம் எதுவும் அதற்கு இருக்காது.

எங்கள் வீடு கண்டாவளைப் பக்கம். கராச்சின் மூலையில் ஒரு ட்ரங்குப் பெட்டி. அதற்குள் காணிப் பெர்மிட், எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்கள், செட்டிகுளத்து முகாமில் தந்த அட்டை, அம்மம்மாவின் கலியாணப் படம், பிறகு மாமாவின் படம் ஒன்று. மாமாவுக்கு வேறு படம் கிடையாது. 2009 இல் அம்மா அதைப் பொலித்தீனில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தவ. ஷெல்லுக்கும் தண்ணிக்கும் முகாமுக்கும் தப்பின படம் அது. போன தை மாதம் பெட்டியைத் திறந்தபோது, படத்தின் ஓரத்தில் மாத்தூவினது போல ஒரு வெள்ளை படர்ந்து கிடந்தது.

பெட்டியில் மட்டும் இல்லை. ஹெல்மெட்டின் உள்பஞ்சு கறுத்திருந்தது. சைக்கிள் சீற்றில் பச்சை. சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பொட்டுகள். சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மூண்டு பொம்பிளையள் இருக்கிற வீடு. ஒரு கராச்சைத் துப்பரவா வைச்சிருக்கேலாதோ?”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குளோரினைக் கரைத்துக்கொண்டு தும்புக்கட்டையோடு உள்ளே போனா. மாரிக்கு மாரி அவ செய்கிற வேலைதான். தேய்ச்சால் சுவர் வெளுக்கும். மூன்று கிழமையில் அதே இடத்தில் அதே பொட்டு திரும்பவும் வரும். அப்படியென்றால் துப்பரவில்தான் பிழை என்ற கதை எப்படிச் சரியாகும்?

பள்ளிக்கூடத்தில் இதைப் பங்கசு என்று படித்தோம். அதன் வித்திகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. எவ்வளவு கூட்டினாலும் அவற்றை வெளியேற்றேலாது. சாப்பாடும் எங்கும் இருக்கு: கடதாசி, தோல், பலகை, துணி, சுவரில் படிஞ்ச தூசி. அதற்குக் கிடைக்காமல் நாங்கள் தடுக்கக்கூடிய ஒரே பொருள் தண்ணி. நனைஞ்ச சாமானை 24 தொடக்கம் 48 மணித்தியாலத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்கிறது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். வீட்டுக்குள் சாரீரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது என்றும் அது சொல்கிறது. கார்த்திகை மாத வன்னியில் 60 வீதத்துக்கு நாங்கள் எங்கே போறது? காற்றை மாற்றேலாது. ஆனால் தண்ணி எந்த வழியால் உள்ளே வருகிறது என்று பார்க்கலாம்.

நானும் தம்பியும் பார்த்தோம். செலவில்லாத ஒரு சோதனை இருக்கு. ஒரு முழச் சதுரத்துக்குப் பொலித்தீன் வெட்டி, நிலத்தில் ஒன்று, சுவரில் ஒன்று, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் ரேப்பால் ஒட்டிவிட்டு ஒரு நாள் விடவேண்டும். பொலித்தீனுக்குக் கீழ்ப்பக்கம் நனைஞ்சிருந்தால் தண்ணி மண்ணிலிருந்து சீமெந்துக்குள்ளால் ஏறி வருகிறது. மேல்பக்கம் நனைஞ்சிருந்தால் தண்ணி காற்றில் இருந்து வந்து படிகிறது. எங்களுக்கு நிலத்தில் ஒட்டினதில் கீழ்ப்பக்கம் முத்துமுத்தாகத் தண்ணி. வெளிச்சுவரில் ஒட்டினதிலும் அப்படியே. சீமெந்தைப் பார்த்தால் கல்லுப்போல இருக்கும். ஆனால் அது திரி மாதிரி தண்ணியை உறிஞ்சி மேலே இழுக்கும். சுவரில் முழங்கால் உயரத்தோடு பொட்டு நின்றதற்கு அதுதான் காரணம்.

வெளியே போய்ப் பார்த்தால் மிச்சக் கதை தெரிந்தது. கராச்சுக்குப் பின்பக்க மண் உள்நிலத்தைவிட நாலு விரல் உயரம். தகரத்துக்குப் பீலி இல்லை. கூரைத் தண்ணி முழுக்கச் சுவரடியில் விழுந்து, தெறித்து, அங்கேயே தேங்கி நின்றது.

2018 மார்கழி வெள்ளத்தைக் கிளிநொச்சியில் ஒருவரும் மறக்கவில்லை. இரணைமடுக் கதவுகள் திறந்து, கண்டாவளை முழுக்கத் தண்ணி. கராச்சுக்குள்ளும் வந்தது. ஆனால் அதைக் கண்ணால் கண்டோம். அள்ளினோம், கழுவினோம், வெயிலில் போட்டோம். ஒவ்வொரு மாரியும் சத்தமில்லாமல் சுவருக்குள்ளால் ஏறுகிற தண்ணியை ஒருவரும் வெள்ளம் என்று சொல்வதில்லை. நிவாரணமும் அதற்கில்லை.

மூன்றாவது வழி மேலே இருந்தது. மழை விட்ட பிறகு, தை மாத விடியப்புறத்தில், கராச்சுக்குள் சொட்டும். ஓட்டை ஒன்றும் இல்லை. இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளே நிற்கிற ஈரக்காற்று அதில் பட்டுத் துளியாகி விழும். பனிக்காலம் மழைக்காலத்தைவிடப் பொல்லாதது எண்டு அம்மம்மா ஏன் சொல்லுறவ எண்டு அப்பதான் விளங்கினது.

நாலாவது வழி நாங்களே கொண்டுபோய் விடுவது. நனைஞ்ச மோட்டார் சைக்கிள், மழைக்கோட்டு, சரியாகக் காயாத நெல். பெரும்போக நெல்லை மெசினால் வெட்டி அப்படியே மூட்டை கட்டி அடுக்கினால், அது கராச் முழுக்க ஈரத்தை மூச்சுவிடும். நெல்லை விற்கிறதுக்காக மட்டும் காயவைக்கிறதில்லை. கச்சானுக்கு இது இன்னும் முக்கியம். காயாத கச்சானில் பிடிக்கிற ஒருவகைப் பூஞ்சணம் அஃபிளாரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அவித்தாலும் வறுத்தாலும் முழுசாகப் போகாது. அப்படிக் கறுத்த கச்சானைக் கோழிக்கும் போடக்கூடாது.

சாமான் கடையில் கேட்டபோது, “பூஞ்சணம் வராத பெயின்ற் இருக்கு தங்கச்சி, ரெண்டு கோட் அடிச்சாச் சரி” என்றார்கள். ஈரச் சுவருக்கு மேலே பெயின்ற் அடித்தால் ஈரம் உள்ளே அடைபடும். பிறகு பெயின்ற் பொருக்குப் பொருக்காகக் கழரும்.

“மேலால பெயின்ற் அடியுங்கோ” என்ற புத்திமதி இங்கே மட்டும் சொல்லப்படுவதில்லை. இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுப் பிள்ளை 2020 மார்கழியில் இறந்தது. சூடானிலிருந்து வந்த குடும்பம். சமூக வீடமைப்பு நிறுவனம் ஒன்றின் வாடகை வீடு. தகப்பன் 2017 இலேயே பூஞ்சணத்தைப் பற்றி முறையிட்டவர். பெயின்ற் அடிக்கச் சொல்லித்தான் அவருக்குப் பதில் கிடைத்தது. அந்தக் குடும்பம் வாழ்கிற விதம்தான் காரணம் என்றும் நினைத்தார்கள். வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுப்பிரச்சினைதான் பிள்ளையைக் கொன்றது என்று மரண விசாரணை அதிகாரி 2022 கார்த்திகையில் சொன்னார். பூஞ்சணத்தைச் சமூக வீடமைப்பு நிறுவனங்கள் குறித்த காலத்துக்குள் திருத்தவேண்டும் என்ற சட்டம் அந்தப் பிள்ளையின் பெயரிலேயே இங்கிலாந்தில் 2025 ஐப்பசியில் நடைமுறைக்கு வந்தது.

கட்டடத்தின் பிழையை அதற்குள் இருக்கிற ஆட்களின் பிழையாக்குவது எவ்வளவு சுகம் என்று பாருங்கள். அங்கே அது வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்தின் தலையில் விழுந்தது. எங்கள் வீடுகளில் அம்மாவின் தலையில் விழுகிறது. கராச்சுக்குள் குளோரின் நெடியோடு தேய்ச்சு, இரவு முட்டு வந்து இருமுகிறவவும் அவதான்.

ஆவணி, புரட்டாதியில் நாங்கள் செய்த வேலை இதுதான். பின்பக்க மண்ணை வெட்டி, உள்நிலத்தைவிட அரை அடி பதித்து, சுவரில் இருந்து விலகிச் சரியும்படி விட்டோம். சுவரடியில் ஒரு அடி அகலத்துக்குச் சல்லி போட்டோம். பிவிசி குழாயை நெடுக்காகக் கிழித்துப் பீலியாக்கி, கூரைத் தண்ணியை வாழைக்கு விட்டோம். சுவரின் மேலே எதிரெதிராக இரண்டு கல்லைக் கழற்றி வலை அடித்தோம். வெக்கைக்காகத் தகரத்துக்கு மேலே கிடுகு கட்டுகிற பழைய பழக்கம் பனிக்கும் உதவியது. சொட்டுவது நிற்கவில்லை, ஆனால் நல்லாக் குறைஞ்சது. பழைய பெயின்றைச் சுரண்டி, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் லேசில் பிடிக்காது. சுவரும் மூச்சுவிடும். மாரியில் பகல் வெயில் கண்ட நேரம் மட்டும் கதவைத் திறந்துவிட்டு, பொழுதுபட முதல் சாத்துகிறோம்.

உங்கள் கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் ஒரு விசயம். பாசியைக் காய்ஞ்ச தும்புக்கட்டையால் உரஞ்ச வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பூஞ்சணத்தைவிட மோசம். குளோரினோடு வினாகிரியைக் கலக்கவும் வேண்டாம், நச்சுவாயு வரும்.

நிலத்தை உடைத்துத் திருப்பிப் போடக் காசில்லை. அதற்கு அம்மம்மா வழி சொன்னா. “நெல்லை வெறும் நிலத்தில வைப்பமோ பிள்ளை? பெட்டிக்கும் அதுதான்.” நெல்லை எப்படி வைப்பது என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நிலத்தில் படாமல் பலகை, சுவரில் முட்டாமல் ஒரு சாண் இடைவெளி, காயாமல் கட்டக்கூடாது, இடையிடையே பிரித்துப் பார்க்கவேண்டும். இப்போது கராச்சில் உள்ள எல்லாச் சாமானும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கின்றன.

ட்ரங்குப் பெட்டியில் இருந்தவை வீட்டுக்குள் வந்துவிட்டன. பழைய படத்தாளின் மேற்பூச்சு ஜெலற்றின், அது பூஞ்சணத்துக்கு நல்ல சாப்பாடு. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் முகமே அழிஞ்சு போகும். நிழலில், காற்றில், முதலில் முழுசாகக் காயவைத்தோம். பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு, முற்றத்தில் வைத்து, மெல்லிய தூரிகையால் வெள்ளையைத் தட்டினோம். வெயிலில் வைக்கவில்லை, வெயில் நிறத்தைத் தின்றுவிடும். தம்பி அதை ஸ்கான் பண்ணி மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறான். மூலப்படம் வெற்றுத்தாளுக்கு நடுவில், இறுக்கமாக மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பையோடு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கு. மாமாவின் தோள்பட்டைப் பக்கம் ஒரு கறை நிரந்தரமாக நின்றுவிட்டது. முகம் தப்பிவிட்டது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் தூக்கிப் பிடித்ததும் இந்த மாதிரிப் படங்களைத்தான். எத்தனை வீட்டில் ஒரே பிரதி மட்டும், எந்தக் கராச் மூலையில் கிடக்குதோ. லமினேற் பண்ணியிருக்கு, பயமில்லை என்று விடவேண்டாம். ஓரம் பிரிந்தால் ஈரம் உள்ளே போய் வெளியே வரத் தெரியாமல் நிற்கும்.

ஐப்பசி மழை தொடங்க முதல் ஒரு துண்டுப் பொலித்தீனும் ரேப்பும் எடுத்துக்கொண்டு உங்கட கராச்சுக்குள் போய் ஒட்டிப் பாருங்கோ. எந்தப் பக்கம் நனைஞ்சிருக்கு எண்டு தெரிஞ்ச பிறகு மண்வெட்டியைத் தூக்குங்கோ. தும்புக்கட்டையை அம்மாவின் கையில் கொடுக்கிற அவசரம் ஒன்றும் இல்லை.